இழுத்துக் கட்டாதீர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் மின் பராமரிப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். அதில் பின்பாதி முழுவதும் ரோபோ கைகளோடு கழிந்தது. ரோபோ என்றதும் பலருக்கு அதன் வேகமும் வலிமையும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கோ, அந்தக் கையின் மேல் ஓடும் கேபிள்களும் காற்றுக் குழாய்களும்தான் முதலில் கண்ணில் படும். கையின் மோட்டாரும் பல்சக்கரங்களும் பல ஆண்டுகள் உழைக்கின்றன. அவற்றுக்கு வெகுமுன்பே ஒரு கேபிள் அறுந்து உற்பத்தி வரிசையையே நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் அந்தக் கேபிளின் மேல் குற்றமில்லை, அதைக் கட்டிய விதத்தில்தான் குற்றம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

உங்கள் வீட்டுக் கைப்பேசி சார்ஜரை நினைத்துப் பாருங்கள். அதன் வயர் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. கைப்பேசியில் செருகும் முனைக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் பகுதியில்தான் பழுதாகிறது. விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் அந்த ஓரிடத்தில் எல்லா வளைவும் வந்து குவிவதே காரணம். இதே கழுத்தை ரோபோவின் கையில் நாமே உண்டாக்குகிறோம். எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு கட்டுக் கம்பியைப் பத்து முறை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிந்துவிடும். அதே பருமனுள்ள தேங்காய் நார்க் கயிற்றை எத்தனை முறை வளைத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அசையும் கேபிளுக்குள் இருக்கும் செம்பும் இந்தக் கயிற்றைப் போலத்தான் செய்யப்படுகிறது. தலைமுடி பருமனுள்ள நூற்றுக்கணக்கான இழைகளை முறுக்கித் திரித்திருப்பார்கள். இழை மெல்லியதாக இருந்தால், வளையும்போது அது நீள வேண்டிய அளவும் குறைவு. மேலும், முறுக்கின் காரணமாக ஒவ்வோர் இழையும் சிறிது தூரம் வளைவின் வெளிப்பக்கத்திலும், சிறிது தூரம் உட்பக்கத்திலும் மாறி மாறிச் செல்கிறது. வெளிப்பக்கத்தில் நீண்டது உட்பக்கத்தில் சுருங்கிச் சரியாகிவிடுகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர இடம் வேண்டும். கேபிளைக் கட்டும் மெல்லிய பட்டையான பிளாஸ்டிக் டையைப் போட்டு, குறடால் இழுத்து, உறை நசுங்கும்படி கட்டிவிட்டால் இழைகள் அங்கே நகர முடியாது. கயிறாக இருந்தது அந்த ஓரிடத்தில் கட்டுக் கம்பியாகிவிடுகிறது.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு சிறிய பட்டறை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு ரோபோ, லேத் இயந்திரத்துக்குள் இரும்புத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. துண்டு பிடியில் இருக்கிறதா என்று சொல்லும் ஒரு சிறு சென்சார் அதன் விரல்களுக்கிடையே இருந்தது. அந்தச் சமிக்ஞை திடீரென்று விட்டுப்போகும், ரோபோ நின்றுவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இணைப்பு சரியாகவே இருக்கும். மறுபடி ஓட்டினால் ஓடும். ஒரு மணி நேரத்தில் மீண்டும் நிற்கும். முதலில் சென்சாரைக் குறை சொன்னார்கள், மாற்றினார்கள். பிறகு கேபிள் தரமில்லை என்றார்கள், விலை கூடிய கேபிளாக வாங்கினார்கள். ஏழு மாதத்தில் மூன்று கேபிள்கள் போயின. ஒவ்வொரு முறையும் புதிய கேபிளைப் பழையது இருந்த அதே இடத்தில் அதே போலக் கட்டினார்கள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான் இரண்டு முறை யோசிக்கவில்லை.

மூன்றாம் முறை இரவு ஷிப்டில் போய் உட்கார்ந்தேன். கிருஷ்ணகிரிக்காரத் தம்பி ஒருவர் ரோபோவை மெதுவேகத்தில் வைத்து மணிக்கட்டை மட்டும் திருப்பினார். நான் கேபிளின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, இணைப்பு இருக்கும்வரை அது எழுப்பும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் சுற்று வரை ஒலி சீராக வந்தது. அரைச் சுற்றை நெருங்கியதும் விட்டு விட்டு வந்து, அறவே நின்றது. திருப்பிக் கொண்டுவந்ததும் ஒலி திரும்பியது. "சார், நின்றபடி இருக்கும்போது நல்லாத்தானே இருக்கு, திரும்பினால்தான் போகுது" என்றார் அவர். நின்ற நிலையில் சோதித்த எல்லாரையும் அந்தக் கேபிள் ஏமாற்றியிருந்தது.

கேபிளைக் கழற்றி, கட்டு இருந்த இடத்தில் உறையை நீளவாக்கில் கீறித் திறந்தோம். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, கட்டின் அடையாளம் மட்டும் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, முனைகள் ஒன்றோடொன்று உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தன. சுற்றிலும் மை போலக் கரிய தூள். விரலில் எடுத்தால் ஒட்டியது.

அடுத்து ஒரு கணக்குப் போட்டேன். மணிக்கட்டுக்கு முன்னும் பின்னும் கேபிளை இறுக்கியிருந்த இரண்டு கட்டுகளுக்கும் இடையே ஒரு சாண், ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். மணிக்கட்டு திரும்புவது 180 பாகை. முறுக்கைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட நல்ல கேபிள்கள் பலவற்றுக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு இரு பக்கமும் 180 பாகை என்பதுதான் வரம்பு. நாங்கள் ஒரு சாணுக்குள் அதைத் திணித்திருந்தோம். மீட்டர் கணக்கில் அது 800 பாகையைத் தாண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு துண்டு, நாளொன்றுக்கு 16 மணி நேரம் என்றால் 1,920 முறை. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 5 லட்சத்து 76 ஆயிரம் முறை. எந்தச் செம்பு தாங்கும்?

கட்டுகளை அறுத்தெறிந்தோம். முன்னங்கையில் ஒரு பிடியும் விரல்களுக்குப் பின்னால் ஒரு பிடியுமாக, உள்ளே ரப்பர் பதித்த அகலமான கிளாம்புகளைப் போட்டு, நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் கேபிளை அகன்ற வளையமாக விட்டோம். பத்து மில்லிமீட்டர் கேபிள் என்றால் வளைவின் ஆரம் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். நான் அந்தப் பட்டறையோடு தொடர்பில் இருந்த அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தக் கேபிளை மாற்றவில்லை.

அங்கிருந்த மூத்த ஃபிட்டர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "தொங்கவிட்டால் வேலை தெரியாதவன் செய்தது போல இருக்கிறதே, இழுத்துக் கட்டினால்தானே அழகு" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நாங்கள் எல்லாரும் மின் பலகைகளில் தொழில் பழகியவர்கள். அங்கே வயர்கள் அசைவதில்லை. நேராக, நெருக்கமாக, இறுக்கமாகக் கட்டுவதே சரி. அந்தக் கண்ணையும் கையையும் அப்படியே அசையும் இயந்திரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். மறுபடியும் சொல்கிறேன், இழுத்துக் கட்டாதீர்கள். அசையும் இடத்தில் கேபிளும் ஓர் இயந்திர உறுப்பு. அதற்கும் நகர இடம் வேண்டும்.

இன்னொரு தவறு கேபிளைப் பொருத்துவதற்கு முன்பே நடக்கிறது. சுருளாக வரும் கேபிளைத் தரையில் படுக்கவைத்து, பக்கவாட்டில் வளையம் வளையமாக உருவி எடுக்கிறோம். அப்படி எடுக்கும் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழு முறுக்கு கேபிளில் ஏறிவிடுகிறது. ரோபோ ஒரு முறைகூட அசையவில்லை, அதற்குள் கேபிள் முறுக்கேறிய நிலையில் இருக்கிறது. கிணற்றுக் கயிற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுருளை உருட்டித்தான் கேபிளை விரிக்க வேண்டும். முடிந்தால் ஓர் இரவு தொங்கவிட்டு, பிறகு பொருத்த வேண்டும்.

குழாய்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு வந்த முதல் ரோபோவான யூனிமேட், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியது. குழாயின் தொல்லை அன்றே தொடங்கியிருக்கும். நேரம் குறைவாக இருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழாய் வளைவைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. முறுக்கிய குழாயில் அழுத்தம் ஏறும்போது அது நேராக முயன்று, முனையிலுள்ள இணைப்பையே தளர்த்திவிடும். அழுத்தக் குழாய்களின் மேல் நீளவாக்கில் ஒரு வரி எழுத்து அச்சிட்டிருப்பார்கள். பொருத்திய பிறகு அந்த வரி நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். கொடிபோலச் சுற்றிக்கொண்டு போனால் கழற்றி மறுபடி பொருத்துங்கள்.

ரோபோவுக்கு அசைவுகளைக் கற்றுக்கொடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. மணிக்கட்டு ஒரு நிலைக்கு வலப்பக்கம் 90 பாகை திரும்பியும் வரலாம், இடப்பக்கம் 270 பாகை திரும்பியும் வரலாம். தன் மேல் கேபிள் இருப்பது ரோபோவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அசைவை எழுதி முடித்ததும் ஒரு முறை மெதுவேகத்தில் ஓட்டி, விரல்களைப் பார்க்காமல் கேபிளை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். நிலைய நண்பர்கள் கைகாட்டுகிறார்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.