கஜானா இல்லாத குடியரசு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க விடுதலை என்றதும் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்ட காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1773 டிசம்பர் 16 இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 பெட்டிகள் மூன்று கப்பல்களிலிருந்து தண்ணீருக்குள் போயின. ஆனால் அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தேயிலையின் விலையை ஏற்றவில்லை; கம்பெனி நேரடியாகப் பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்பதற்கு வழிசெய்து விலையைக் குறைக்கவே முற்பட்டது. ராத்தலுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் நீடித்தது. அந்த மலிவுத் தேயிலையை வாங்கிவிட்டால், தாங்கள் ஓர் உறுப்பினரைக்கூட அனுப்பாத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது குடியேற்றத்தாரின் வாதம். கடத்தல் தேயிலை விற்றுவந்த வணிகர்களுக்கு அந்த வாதம் வசதியாகவும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

போரைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. 1776 ஜூலை 4 அன்று விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் படையோடு சரணடைந்தார். 1783-இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. யார்க்டவுனுக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் மைசூரில் திப்பு சுல்தானை எதிர்த்துப் படை நடத்தியவரும் இதே கார்ன்வாலிஸ்தான். எனக்கு வியப்பளிப்பது, அந்தப் போர்க்காலத்திலேயே அமெரிக்கர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட அரசு.

மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய அவையான காங்கிரஸ் 1777-இல் ஏற்று, 1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த முதல் அரசமைப்பான கூட்டமைப்பு விதிகளின்படி, மாநிலங்களாகிவிட்ட பதின்மூன்று குடியேற்றங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. பெரிய முடிவுகளுக்கு ஒன்பது மாநிலங்களின் இசைவு வேண்டும். விதிகளைத் திருத்தவோ பதின்மூன்றும் இசைய வேண்டும். போர் தொடுக்கவும் கடன் வாங்கவும் காங்கிரஸுக்கு அதிகாரம் இருந்தது, வரி விதிக்க மட்டும் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. இறக்குமதிமீது 5 சதவீதச் சுங்கம் விதிக்க அனுமதி கேட்டபோது, 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் தனியாக நின்று மறுத்துவிட, திட்டம் அப்படியே விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், சம்பளப் பாக்கி கேட்ட படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தையே சூழ்ந்துகொண்டார்கள். உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார்கள்.

வரி விதிக்க அதிகாரம் இருந்த மாநிலங்களிலும் அமைதி இல்லை. போர்க்கடனை அடைக்க மாசசூசெட்ஸ் விதித்த வரியை நாணயமாகக் கட்ட இயலாமல், நிலத்தையும் கால்நடையையும் இழக்கும் நிலைக்கு வந்த மேற்குப் பகுதி விவசாயிகள் 1786-இல் நீதிமன்றங்களை மறித்தார்கள். அவர்களுள் ஒருவரான டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். அவர்களை அடக்கப் படை திரட்டக் காங்கிரஸிடம் பணமில்லை. பாஸ்டன் செல்வர்கள் கொடுத்த பணத்தில்தான் மாநிலம் படை அனுப்பியது.

இந்த அச்சத்தோடுதான் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு கூடியது. வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு வந்தது. ஆனால் வருவாய் மசோதா மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவையிலேயே தொடங்க வேண்டும் என்றும் எழுதினார்கள். இன்னொன்றையும் எழுதினார்கள். மாநிலங்களின் வரிப்பங்கைக் கணக்கிட 1783-இல் முன்வைக்கப்பட்ட, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணும் ஐந்தில் மூன்று பங்குக் கணக்கை எடுத்து, பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தினார்கள். வாக்குரிமையே இல்லாத அடிமைகள், தம்மை உடைமையாக வைத்திருந்தவர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் பெற்றுத்தந்தார்கள். பிரதிநிதித்துவமின்றி வரியில்லை என்று முழங்கியவர்களின் மாநாட்டில் நடந்தது இது.

ரோட் ஐலண்ட் அந்த மாநாட்டுக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. 1789 ஏப்ரலில் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோதும் அது வெளியே நின்றது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று புதிய அரசின் சுங்கச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ரோட் ஐலண்டுடன் வணிகத்தையே நிறுத்தும் மசோதாவை 1790 மே மாதம் செனட் நிறைவேற்றியது. 5 சதவீதச் சுங்கத்தை மறுத்த அந்த மாநிலம், அம்மாதம் 29 அன்று, 34-க்கு 32 என்ற வாக்குகளில் அரசமைப்பை ஏற்றுக்கொண்டது.