மலைகள் தீவான கதை: சேனாநாயக்க சமுத்திரம்

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதி நெரிசலைத் தாண்டி, இந்த மழையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள், மனசு நிறைந்துபோனது.

யானை நீந்துவதை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். இரண்டு பேர். சரி, மற்றவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

அம்பாறையிலிருந்து உள்ளே போனால் இங்கினியாகலை. அங்கே கல்லோயாவை, மட்டக்களப்புப் பக்கத்தில் பட்டிப்பளை ஆறு என்பார்களே, அதை மறித்து 1949 இல் கட்டத் தொடங்கிய குளம்தான் சேனாநாயக்க சமுத்திரம். நிரம்பி நிற்கும்போது கிட்டத்தட்ட 78 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகரத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இன்னொரு கொழும்புக்கு இடம் இருக்கும். கல்லோயா என்ற பெயரைக் கேட்டதும் மூத்தவர்களுக்கு 1956 ஜூன் ஞாபகம் வரும், அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த இனக்கலவரத்தில் நம் தமிழர்கள் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு அழகை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அதுவும் அந்த மண்ணின் கதைதான். ஆனால் யானைகளின் கதையும் அங்கே இருக்கிறது.

அங்கே தீவு என்று நாம் பார்ப்பதெல்லாம் ஒரு காலத்தில் மலை உச்சி. தண்ணீர் ஏறியதும் பள்ளங்கள் மூழ்கி, உச்சிகள் மட்டும் மிஞ்சின, மலைகளுக்கு இடையில் இருந்த ஓடைகள் நீண்டு வளைந்த குடாக்கள் ஆகின. யானை நடந்து போன இடத்துக்கு இப்போது நீந்திப் போகிறது! சுற்றியுள்ள காடு 1954 இல் கல்லோயா தேசிய பூங்காவானது, அதை வள்ளத்தில் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் அதன் விசேஷம்.

குளம் வற்றும் மாதங்களில்தான் அங்கே உயிரோட்டம் அதிகம். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அலைகரையில் இளம்புல் முளைக்கும், அதைத் தேடி யானைகள் காட்டைவிட்டு வெளியே வரும், அந்தக் கரையின் புல் தீர்ந்தால் அடுத்த தீவுக்குத் தண்ணீரில் இறங்கிவிடும். நான் பார்த்த கூட்டத்தில் உடம்பு எதுவுமே தெரியவில்லை, கறுத்த மண்டையின் மேல்பகுதியும் தும்பிக்கை நுனியும் மட்டும். நடுவில் ஒரு குட்டி, அதன் தும்பிக்கை தாயின் முதுகில் தட்டித் தட்டிப் போனது. யானைக்கு நீச்சல் புதிதல்ல. 2017 இல் கொக்கிளாய்க்கு அப்பால் கடலில் தத்தளித்த ஒன்றைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரைசேர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

பறவைகள் என்றால், நம்முடைய கொழும்புப் பேர வாவிக் கூழைக்கடாவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். குருவித் தீவு என்று ஒன்று, நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டும் இடம். பட்டுப்போன மரக் கட்டைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும், அவற்றின் இறகு தண்ணீரை உறிஞ்சிவிடும், முங்கி மீன் பிடிக்க அதுதான் வசதி, ஆனால் பிறகு காயவைத்தே ஆகவேண்டும். மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு, கீழே சேற்றில் முதலை. அப்புறம், கரையேறினால் புல்வெளியில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் தானாகவே வளர்ந்து நிற்கும். திரிபலாவின் மூன்று சரக்கும் ஒரே காட்டில்!

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் போன அன்று இன்னொரு போட்டில் வந்தவர்கள், படம் எடுப்பதற்காக நீந்தும் கூட்டத்துக்குக் குறுக்கே இரண்டு தரம் ஓட்டினார்கள். கூட்டம் திரும்பிவிட்டது, குட்டி பின்தங்கித் திணறியது, எனக்கு நெஞ்சு பதறிப்போனது. நடுத்தண்ணீரில் அதற்குக் கால் ஊன்ற இடமில்லை, ஓடவும் முடியாது. நீங்கள் போனால் தூரத்திலேயே இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், படம் கொஞ்சம் சின்னதாக வந்தால் வரட்டும். எங்கள் வள்ளக்கார அண்ணன் அப்படித்தான் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு மேலால் அந்தச் சத்தம் வந்தது, தும்பிக்கை வழியாக அவை விடும் மூச்சு, ஒன்றன்பின் ஒன்றாக, குட்டியுடையது மட்டும் கொஞ்சம் வேகமாக.