மாஞ்சோலை மேட்டில் மரத்துக்கு என்ன வயது?

வணக்கம் நேயர்களே. திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில் இருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலை ஏறுகிறவர்கள் ஒரு பெரிய மரத்தைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: ‘இதுக்கு என்ன வயசு இருக்கும்?’ கூட வருகிறவரும் கேட்டவர் மனம் கோணாமல் ஐந்நூறு, ஆயிரம் என்று சொல்லிவைப்பார். அதை நம்ப வேண்டாம்.

கீழே முண்டந்துறைப் பக்கம் நிற்கும் தேக்குக்கு வயது சொல்லலாம். கோடையில் இலை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்தும், மழையில் மறுபடி வளரும். அதனால் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். தேக்கு அடிக்கட்டை கிடைத்தால் மேற்பரப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், வளையம் எடுப்பாகத் தெரியும். நடுவில் இருந்து பட்டை வரை ஒரே கோட்டில் எண்ணிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. கோடையில் தப்பி ஒரு மழை பெய்து மரம் இரண்டாம் முறை துளிர்த்திருந்தால் பொய் வளையம் ஒன்று சேர்ந்திருக்கும். மூன்று திசையில் எண்ணி ஒப்பிட்டால்தான் அது பிடிபடும்.

மேலே மஞ்சு, அதாவது மூடுபனி, சூழ்ந்த காட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. வெடிப்பலா, பாலி, நாங்கு ஆகிய மரங்கள் எல்லாம் என்றும் இலையோடு நிற்பவை. ஈரம் அற்றுப்போகிற பருவம் என்று ஒன்று அழுத்தமாக இல்லாததால் வளையம் மங்கலாக இருக்கும், இல்லாமலும் போகும். பருமனை வைத்தும் சொல்ல முடியாது. நிழலில் பல ஆண்டு குச்சியாக நின்ற கன்று, பக்கத்து மரம் சாய்ந்து வெளிச்சம் வந்ததும் மளமளவென்று பருக்கும். ஒல்லி மரம் மூத்ததாகவும் பருத்தது இளையதாகவும் இருக்கலாம்.

வயதை விடுங்கள், சுற்றளவை எடுங்கள். தரையில் இருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பது வனத்துறை வழக்கம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கம் நின்று அந்த உயரத்தைக் குறிக்க வேண்டும், பள்ளத்துப்பக்கம் நின்றால் அடிமரத்தின் பருமனும் கணக்கில் சேர்ந்துவிடும். அடிமரத்தைத் தாங்கிப் பலகைபோல நிற்கும் பலகை வேர் 1.37 மீட்டருக்கு மேலும் ஏறியிருந்தால், அது முடிகிற இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். நாடாவுக்கு அடியில் கொடி மாட்டினால் அளவு கூடும். கொடியை வெட்டாதீர்கள், நாடாவை அதன் உள்பக்கமாக நுழைத்து எடுங்கள். நைலான் கயிறு இழுத்தால் நீளும், தையல்காரர் நாடா 1.5 மீட்டர்தான், அங்கே உதவாது. சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம்: 4.71 மீட்டர் சுற்றளவு என்றால் ஒன்றரை மீட்டர்.

இனி அடிக்கட்டைகள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட பிறகுதான் இந்த மேட்டில் தேயிலை வந்தது. அதற்காகக் காடு வெட்டப்பட்டது. பழைய கட்டை இடுப்புக்கு மேல் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். பலகை வேரை அறுப்பது வீண் வேலை என்று பரண் கட்டி, அதற்கு மேலே அறுப்பது உண்டு. கட்டையின் தலையில் ஒரு படி தெரிகிறதா என்று பாருங்கள். முதலில் மரம் விழ வேண்டிய பக்கம் திறந்த வாய்போல ஒரு வெட்டு (வாய்வெட்டு) போடுவார்கள், பிறகு எதிர்ப்பக்கம் சற்று மேலே அறுப்பார்கள். ஆகவே தாழ்ந்த பக்கம்தான் மரம் விழுந்த பக்கம். நடுவில் சிராய்சிராயாக நிற்பது அறுபடாமல் கிழிந்த நார். படியே இல்லாமல் முழுதும் சிராயாக இருந்தால் காற்று முறித்த மரம். வேர் மண்ணோடு சுவர்போல எழும்பிப் பக்கத்தில் குழி இருந்தால் அடியோடு சாய்ந்தது. லேசான மரத்தின் கட்டை இந்த ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும். நெடுநாள் நிற்பது நாங்கு மாதிரி இரும்பு மரங்கள்தான்.

பொந்து விழுந்த மரத்தைப் பார்த்துச் ‘செத்துக்கிட்டிருக்கு’ என்பார்கள். உள்ளே பூசணம் தின்றது நடுமரமான உயிரற்ற வைரத்தை. உயிர் பட்டைக்கு அடியில் ஓடுகிறது. பொந்தில் கற்பூரம் ஏற்றுவதும் பட்டையில் பெயர் வெட்டுவதும்தான் அந்த உயிரைத் தொடுகிற காரியங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் இலுப்பையை ‘மணி விழுங்கி மரம்’ என்கிறோம். கட்டிய மணியைச் சுற்றி ஆண்டுதோறும் புது மரம் வெளியே படிந்து மூடிக்கொள்கிறது. மரம் நுனியில்தான் உயரும், அடித்தண்டு நீளாது. அதனால் மணி கட்டிய உயரத்திலேயே இருக்கும், வெட்டிய பெயரும் அப்படித்தான்.

செங்குறிஞ்சி என்ற மரத்தையும் கேட்டு அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மா, முந்திரிக் குடும்பம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலையில் மட்டும்தான் அது தானாக வளர்கிறது.

பயணத்துக்கு மூன்று சொல்ல வேண்டும். காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிடுங்கள், அதன்மேல் புகையிலைத் தண்ணீர் தடவினால் அட்டை ஏறத் தயங்கும். கடித்த இடத்தில் இரத்தம் நிற்கச் சற்று நேரமாகும், பதற வேண்டாம். மஞ்சு இறங்கிவிட்டால் இருபது அடியில் நிற்கும் யானைகூடக் கண்ணில் படாது, பேச்சை நிறுத்திக் கிளை முறியும் சத்தத்துக்குக் காது கொடுங்கள், திரும்பி நடங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நுழைவு விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, அம்பாசமுத்திரம் வன அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே வண்டியை எடுங்கள். வணக்கம்.