ஜெட் கழன்ற விமானம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய மொபெட்டோ ஸ்கூட்டரோ வைத்திருந்தவர்கள் "ஜெட் அடைச்சிருக்கு சார்" என்ற பேச்சைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளேயிருந்து சின்னப் பித்தளைத் திருகு ஒன்றைக் கழற்றி, வாயால் ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அதன் நடுவே ஊசித் துளை. இன்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று அளந்து விடுவது அந்தத் துளைதான். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பல வருடம் இந்தப் பாடம் எடுத்தவன் நான். இன்று ஒரு விமானத்தின் ஜெட்டைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

2015 மார்ச் 5. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், சாண்டா மோனிகா விமான நிலையம். ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தன் சொந்த விமானத்தில் தனியாகக் கிளம்புகிறார். அப்போது அவருக்கு வயது 72. விமானம் ரையன் பி.டி.22 ரகம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பைலட்டுகளைப் பழக்குவதற்காகச் செய்தது. ஐந்து சிலிண்டர் இன்ஜின், மேலே கூரை கிடையாது.

ஏறிய சிறிது நேரத்தில் இன்ஜின் விசை போய்விட்டது. திரும்பி வருகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு இடப்பக்கம் திருப்பினார். ஓடுபாதை எட்டாது என்று தெரிந்ததும், வீடுகளுக்கு நடுவே இருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்து இறக்கினார். ஒரு மரத்தின் உச்சியில் உரசி, புல்தரையில் மோதி நின்றது விமானம். விளையாட வந்திருந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் ஓடிப்போய் உதவினார். ஃபோர்டுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது, ஆனால் பிழைத்துவிட்டார். தரையில் இருந்தவர்கள் ஒருவர் மீதும் கீறல்கூட விழவில்லை. அந்தச் சில நொடிகளில் மைதானத்தைத் தேர்ந்தெடுத்த நிதானத்தை நான் மனதார மதிக்கிறேன்.

விபத்தை விசாரித்து, கார்புரேட்டரைப் பிரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தினர், மெயின் ஜெட் தன் இருப்பிடத்திலிருந்து கழன்று திரும்பிக் கிடந்ததைக் கண்டார்கள். அளவு தப்பிப் பெட்ரோல் உள்ளே கொட்டியிருக்கிறது. பெட்ரோல் கூடினால் இன்ஜின் இன்னும் வேகமாகத்தானே ஓடும் என்று நினைக்கலாம். கிளப்பும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்தவர், மறந்துபோய் அப்படியே வண்டியை ஓட்டினால் என்ன ஆகும்? கறுப்பாகப் புகை கக்கி, திணறி, அணைந்துவிடும். இங்கே அது வானத்தில் நடந்தது.

அந்தக் கார்புரேட்டரைக் கடைசியாகப் பிரித்துப் பூட்டியது, விபத்துக்குச் சுமார் 17 வருடம் முன்பு, விமானத்தைப் புதுப்பித்தபோது. அப்போது பூட்டிய கைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பராமரிப்புக் குறிப்புகள் போதுமான அளவுக்கு இல்லை என்று வாரியத்தின் அறிக்கையே சொல்கிறது. போர்க்கால இயந்திரம், ஜெட் கழலாமல் இருக்கிறதா என்று பார்க்க எழுத்தில் கட்டளை இல்லையென்றால், நல்ல மெக்கானிக்கும் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

இன்னொன்றும் அறிக்கையில் இருக்கிறது. தோள்பட்டை வார் சரியாகப் பொருத்தப்படவில்லை. காயம் அவ்வளவு கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம். இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஜெட் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடப்பது. வாரோ ஒவ்வொரு முறையும் கையால் எடுத்து மாட்டிக்கொள்வது.

இந்த அறிக்கையைப் படித்த பிறகு, வகுப்பில் ஒரு வழக்கம் வைத்தேன். கார்புரேட்டர் மூடியைப் போடுவதற்கு முன், பக்கத்து மாணவனைக் கூப்பிட்டு, ஜெட் இறுகியிருக்கிறதா என்று திருப்புளி வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். பார்த்தவன் பெயரும் நோட்டில் ஏறும்.