எடிட்டிங் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் கேமரா கோப்பைப் பாருங்கள்

[திரையில்: ஒரே 4கே காட்சி இரண்டு டைம்லைன்களில் ஓடுகிறது. இடப்பக்கம் சீராக நகர்கிறது. வலப்பக்கம் நின்று நின்று ஓடுகிறது.]

இப்போது திரையில் இருப்பவை ஒரே கணினியில், ஒரே மென்பொருளில் ஓடும் ஒரே காட்சியின் இரண்டு வடிவங்கள். இடப்பக்கம், எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் வடிவக் கோப்பு. வலப்பக்கம், 10 பிட் (ஒவ்வொரு நிறத்துக்கும் 1,024 படிநிலைகள்), 4:2:2 வண்ணத்தில் (இதன் பொருளைப் பின்னால் சொல்கிறேன்) பதிவான, மிகவும் சுருக்கப்பட்ட எச்.265 கோப்பு. புரோரெஸ் கோப்பு வட்டில் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது, ஆனாலும் தடையின்றி ஓடுவது அதுதான். வீடியோ எடிட்டிங்குக்கென்று ஒரு கணினியைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அமைக்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்ற கேள்வி அதற்குப் பிறகே வர வேண்டும்.

[திரையில்: ஃபிரேம்களின் வரிசை. முழு ஃபிரேம்கள் நீலத்திலும், மாற்றங்களை மட்டும் கொண்டவை சாம்பல் நிறத்திலும்.]

2003-இல் வெளிவந்த எச்.264, 2013-இல் வெளிவந்த எச்.265 ஆகிய இரண்டும், குறைந்த இடத்தில் நல்ல படத்தைச் சேமித்து அனுப்புவதற்காக உருவாக்கப்பட்ட கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்கி மீண்டும் விரிக்கும் முறைகள். பெரும்பாலான கேமராக்கள் இவற்றைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. ஒரு ஃபிரேமை முழுதாக வைத்துக்கொண்டு, அதைத் தொடரும் பல ஃபிரேம்களுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கின்றன. சில ஃபிரேம்கள் தமக்குப் பின்னால் வரும் ஃபிரேமையும் சார்ந்திருக்கின்றன. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடவிட்டுப் பார்ப்பவருக்கு இதனால் சிக்கல் இல்லை. எடிட்டரோ டைம்லைனில் நினைத்த இடத்துக்குத் தாவுகிறார், பின்னோக்கி ஓட்டுகிறார், மூன்று கேமராக்களின் காட்சியை ஒரே நேரத்தில் திறந்து வைக்கிறார். ஒவ்வொரு தாவலின்போதும் கணினி முந்தைய முழு ஃபிரேமைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து வரிசையாகக் கணக்கிட்டுக்கொண்டே நீங்கள் கேட்ட ஃபிரேமுக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. ஆப்பிள் 2007-இல் வெளியிட்ட புரோரெஸ், அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகியவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கிறது; அவற்றில் ப்ராசஸரின் வேலை குறைந்து, வட்டின் வேலை கூடுகிறது.

வண்ணப் பதிவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 4:2:0 என்பதில் நான்கு பிக்சல்களுக்கு ஒரு வண்ண மாதிரி. 4:2:2 என்பதில் இரண்டு பிக்சல்களுக்கு ஒன்று. காட்சியின் நிறத்தையும் ஒளியையும் சீரமைக்கும் கலர் கிரேடிங்கிலும் பச்சைத்திரையை நீக்கும் வேலையிலும் 4:2:2 தெளிவான நன்மை தருவதால், இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பலவும் அதை வழங்குகின்றன. சிக்கல் என்னவென்றால், சுருக்கப்பட்ட வீடியோவை விரிப்பதற்கென்றே சில்லுக்குள் இருக்கும் தனிச் சுற்றுகளில் பல 4:2:0 வடிவத்தை மட்டுமே ஏற்கின்றன. சுற்று ஏற்காத கோப்பு வந்துவிட்டால் அந்த வேலை முழுவதும் ப்ராசஸரின் கோர்களின் மேல் விழுகிறது. தொடக்கத்தில் வலப்பக்கக் காட்சி நின்று நின்று ஓடியதற்குக் காரணம் இதுதான்.

[திரையில்: ப்ராசஸர் பெட்டிகள். பெயரின் கடைசி எழுத்து பெரிதாகக் காட்டப்படுகிறது.]

ஆகவே ப்ராசஸரைத் தேர்ந்தெடுக்கும்போது, கோர்களின் எண்ணிக்கைக்கும் முன்னால் இந்த விரிப்புச் சுற்றைப் பற்றி விசாரியுங்கள். இன்டெல் 2011-இல் குயிக் சிங்க் என்ற பெயரில் இதைத் தன் ப்ராசஸர்களின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் பகுதியில் கொண்டுவந்தது. 12-ஆம் தலைமுறையிலிருந்து வந்த அதன் மேசைக்கணினி ப்ராசஸர்களில் அந்தப் பகுதி இருந்தால், 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளை அது நேரடியாக விரித்துவிடும். பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசஸர்களில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கத்தானே போகிறோம் என்று எண்ணி, சற்றே விலை குறைந்த அந்த வகையை வாங்குபவர்கள் குயிக் சிங்க்கை முழுவதுமாக இழக்கிறார்கள். விளையாட்டுக்கென்று கணினி அமைப்பவருக்கு நல்ல ஆலோசனையாக இருக்கும் ஒன்று, எடிட்டருக்கு நேர் எதிரான விளைவைத் தரும் இடம் இது; இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் விற்பனையாளரைக் காண்பது அரிது என்பதால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசைகள் வலுவானவை. குறைந்த மின்சாரத்தில் நன்றாக உழைப்பவை. ஆனால் அவற்றின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் 4:2:2 கோப்புகளை விரிப்பதில்லை. உங்கள் கேமரா 4:2:0-இல் பதிவு செய்கிறது என்றாலோ, நீங்கள் எப்போதும் புரோரெஸாக மாற்றிய பிறகே எடிட் செய்பவர் என்றாலோ அது ஒரு குறையே இல்லை. 2025-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 கோப்புகளை விரிக்கும் திறனோடு வந்தது. அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் வரிசைகளில் அத்திறன் இல்லை. ரைசன் ப்ராசஸரோடு அத்தகைய கார்டைச் சேர்ப்பது இப்போது நம்பத்தகுந்த வழி. எந்தச் சுற்று இருந்தாலும் உங்கள் எடிட்டிங் மென்பொருளின் பதிப்பு அதைப் பயன்படுத்தினால்தான் பலன் கிடைக்கும். ஆகையால் அந்தப் பதிப்பின் விவரக்குறிப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசஸர்களில் மின்னழுத்தம் மிகையாகச் சென்று, காலப்போக்கில் நிலைகுலைவை உண்டாக்கும் கோளாறு இருந்ததை 2024-இல் அந்நிறுவனமே ஏற்றுக்கொண்டு, திருத்தத்தை மைக்ரோகோடாக (ப்ராசஸரின் உள் நிரலாக) வெளியிட்டது. அவற்றை வாங்குபவர், விண்டோஸை நிறுவுவதற்கு முன்பே மதர்போர்டின் பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலை, புதுப்பித்துவிட வேண்டும்.

[திரையில்: ஒரு 4கே ஃபிரேம். அருகே கணக்கு: 3840 × 2160 × 16 பைட்.]

விரிக்கப்பட்ட ஃபிரேம் அடுத்து கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செல்கிறது. வண்ணத் திருத்தம், அளவு மாற்றம், படத்தில் தெரியும் புள்ளிகளைக் களையும் இரைச்சல் நீக்கம் ஆகியவற்றைப் பெரும்பாலும் செய்வது அதுதான். அங்கே நினைவகம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். 4கே ஃபிரேம் ஒன்றில் 82,94,400 பிக்சல்கள் உள்ளன. துல்லியத்துக்காக ஒவ்வொரு பிக்சலையும் நான்கு சேனல்களாக, சேனலுக்கு 32 பிட் வீதம் வைத்துக் கணக்கிட்டால், பிக்சலுக்கு 16 பைட் ஆகிறது. ஃபிரேம் ஒன்றுக்கு ஏறத்தாழ 133 எம்பி. வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 3.2 ஜிபி. காலத்தை அடிப்படையாகக் கொண்ட இரைச்சல் நீக்கம், ஒரு ஃபிரேமைச் சரிசெய்ய அதற்கு முன்னும் பின்னும் உள்ள பல ஃபிரேம்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை அந்த எஃபெக்டைப் போட்டவுடன் வருவது இதனால்தான்.

வெட்டி ஒட்டுதலும் எளிய வண்ணத் திருத்தமும் மட்டுமே என்றால் 4கே-க்கு 8 ஜிபி நினைவகம் கொண்ட கார்டு போதும். ரிசால்வில் ஆழமாகக் கிரேடிங் செய்பவர் 12 அல்லது 16 ஜிபிக்குக் குறைவாக வாங்க வேண்டாம். ஒரே விலையில் சற்று வேகமான 8 ஜிபி கார்டும், சற்று மெதுவான 16 ஜிபி கார்டும் இருந்தால், எடிட்டருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். வேகம் குறைந்த கார்டில் வேலை தாமதமாகவேனும் முடிந்துவிடும். நினைவகம் தீர்ந்த கார்டில் ரெண்டர் பாதியிலேயே நின்றுவிடும். இரண்டு கார்டுகளைப் பொருத்தினால் நினைவகமும் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை தவறானது. ரிசால்வின் கட்டணப் பதிப்பு வேலையைக் கார்டுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தாலும், ஒவ்வொரு கார்டும் தனக்குத் தேவையான ஃபிரேம்களைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ரேமைப் பொறுத்தவரை 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபியைத் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பயன்படுத்துபவருக்கு 64 ஜிபி ஆடம்பரமாகாது. அசைவு வரைகலைக்கான அந்த மென்பொருளின் 2025-க்கு முந்தைய பதிப்புகள் முன்னோட்ட ஃபிரேம்களை ரேமில்தான் அடுக்கி வைத்தன என்பதால், அவற்றில் ரேம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குத்தான் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க முடியும்; புதிய பதிப்புகள் வட்டையும் பயன்படுத்துகின்றன. டிடிஆர்5 ரேமை இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். நான்கு இடங்களையும் நிரப்பினால் பல மதர்போர்டுகளில் வேகத்தைக் கணிசமாகக் குறைத்தால்தான் கணினி நிலையாக இயங்கும். எனவே பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு 16 ஜிபி குச்சிகளோடு தொடங்குவதைவிட, இயன்றால் முதலிலேயே இரண்டு 32 ஜிபி குச்சிகளைப் போட்டுவிடுவது நல்லது.

[திரையில்: மூன்று வட்டுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே அதன் வேகம்.]

சேமிப்பகத்திலும் கோப்பின் கணக்கே வழிகாட்டும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் எச்.265 காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதே ஒரு மணி நேரம் 4கே அளவில், வினாடிக்கு 30 ஃபிரேம் வீதம், புரோரெஸ் 422 எச்க்யூ வடிவில் ஏறத்தாழ 400 ஜிபி ஆகும். அதாவது வினாடிக்குச் சுமார் 110 எம்பி. வேகமான ஹார்ட் டிஸ்க் ஒன்று வினாடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தரும் என்றாலும், தொடர்ச்சியாகப் படிக்கும்போது மட்டுமே அந்த வேகம் கிடைக்கும். இரண்டு கேமராக் காட்சிகளை ஒருசேரத் திறந்தால் அதன் படிக்கும் முள் அங்குமிங்கும் ஓடத் தொடங்கி, வேகம் சரிந்துவிடும். சாட்டா கேபிளில் இணையும் எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 எம்பி தரும். மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டி 7,000 எம்பி வரை செல்லும். உங்கள் தேவை வினாடிக்கு 400 எம்பி மட்டுமே என்று கணக்குச் சொன்னால், ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் கூடுதலாகப் பணம் செலவிடுவதால் டைம்லைனில் எந்த மாற்றமும் தெரியாது. அந்தப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓஎஸ்ஸும் மென்பொருள்களும் ஒரு எஸ்எஸ்டியில், நடப்பு வேலையின் காட்சிகளும் மென்பொருள் தற்காலிகமாக எழுதும் கேச் கோப்புகளும் மற்றொன்றில், முடிந்த வேலைகள் பெரிய ஹார்ட் டிஸ்க்கில் என்று பிரிப்பதே பெரும்பாலோருக்குப் போதுமான ஏற்பாடு. விலை மலிவான எஸ்எஸ்டிகளில் சில, தம் உள் கேச் நிரம்பும் வரை மட்டுமே வேகமாக எழுதிவிட்டு, பெரிய கோப்பின் பாதியில் சட்டென்று மந்தமாகிவிடுகின்றன. ஆகவே தொடர்ந்து எழுதும் வேகத்தைச் சோதித்துக் காட்டும் மதிப்புரைகளைத் தேடிப் படியுங்கள். பல வட்டுகளில் தரவைப் பகிர்ந்து வைத்துப் பாதுகாக்கும் ரெய்டு அமைப்பு, ஒரு வட்டு பழுதானால் வேலை நிற்காமல் காப்பாற்றும். நீங்களே தவறுதலாக அழித்த கோப்பை அது திருப்பித் தராது. அதற்குத் தனிப் பிரதியும், முடிந்தால் வேறோர் இடத்தில் இன்னொரு பிரதியும் தேவை. வாடிக்கையாளரின் திருமணமோ ஒருவரின் கடைசிப் பேட்டியோ மறுபடி படமாக்க முடியாதவை என்பதால், இந்தச் செலவைக் கணினியின் விலையிலேயே சேர்த்துத் திட்டமிடுங்கள்.

[திரையில்: மதர்போர்டின் மேற்பார்வை. எம்.2 இடங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

மதர்போர்டில் விளக்குகளைவிட அதன் கையேடு முக்கியம். என்விஎம்இ எஸ்எஸ்டிக்கான எம்.2 இடங்கள் சிலவற்றில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கான 16 லேன்கள் (தரவு செல்லும் பாதைகள்) 8 ஆகக் குறையும், அல்லது சில சாட்டா இணைப்புகள் அணைந்துவிடும். எது எதைப் பாதிக்கும் என்பது கையேட்டில் அட்டவணையாக இருக்கும். கார்டு ரீடரையும் வெளி எஸ்எஸ்டியையும் இணைக்க, வினாடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள யுஎஸ்பி துளைகள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள்.

பவர் சப்ளையில் 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளிருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்று ஆகாது. இன்டெல்லின் உயர்வகை 14900கே முழு வேகத்தில் 253 வாட்டும், ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட்டும் கேட்கக்கூடியவை. எக்ஸ்போர்ட் ஓடும்போது இரண்டும் ஒருசேர நெடுநேரம் உழைக்கக்கூடும் என்பதால் கூட்டுத்தொகைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள். கூலரும் கேபினெட்டும் அமைதியாக இயங்குபவையாக இருக்கட்டும். ஒலியையும் அதே அறையில்தான் கேட்டுத் திருத்தப் போகிறீர்கள்.

[திரையில்: டாஸ்க் மேனேஜர். வீடியோ டீகோட் என்ற வரைபடம் மட்டும் பெரிதாக்கப்படுகிறது.]

பாகங்களைப் பொருத்தி முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டைச் செருகியவுடன் பல மதர்போர்டுகள் உள்ளிணைந்த கிராஃபிக்ஸை அணைத்துவிடுகின்றன. குயிக் சிங்க்குக்காகவே ப்ராசஸரைத் தேர்ந்தெடுத்தவர் பயாஸுக்குள் சென்று அதை மீண்டும் இயக்க வேண்டும். பிறகு உங்கள் கேமராவில் நீங்களே பதிவு செய்த கோப்பை டைம்லைனில் வைத்து, எஃபெக்ட் எதுவும் போடாமல் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் வீடியோ டீகோட் வரைபடத்தைக் கவனியுங்கள். அது உயர்ந்து, ப்ராசஸரின் பயன்பாடு தாழ்வாகவே இருந்தால் விரிப்புச் சுற்று வேலை செய்கிறது. அது அசையாமல் இருந்து ப்ராசஸர் மட்டும் உச்சத்துக்குப் போனால், மென்பொருளின் டீகோடிங் அமைப்பையும் டிரைவரையும் சரிபாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் பாகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள், அல்லது அந்தக் கேமராவின் காட்சிகளுக்கு மட்டும் புராக்ஸி கோப்புகளை (எளிதில் ஓடும் சிறிய மாற்றுப் பிரதிகளை) உருவாக்கி எடிட் செய்யுங்கள்.