கேமராவுக்குப் போய் வந்தால் கணக்கு காணாமல் போகுதா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஆண்ட்ராய்டு ஆப் எழுதிப் பழகும் நம் மாவட்டத்து மாணவர்களுக்காக இந்தப் பேச்சு.

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு ஒரு கணக்கு ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயி பெயர், பெட்டி, விலை என்று கணக்குப்பிள்ளை வரிசையாகச் சேர்த்துவிட்டு, சீட்டைப் படமெடுக்க போனின் கேமரா ஆப்பைத் திறக்கிறார். 2 ஜிபி ரேம் உள்ள போனில் இடம் போதாமல், பின்னால் நிற்கும் உங்கள் ஆப்பின் ப்ராசஸை, அதாவது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பை, ஆண்ட்ராய்டு நிறுத்திவிடலாம். திரும்பி வந்தால் அதே திரைதான், ஆனால் சேர்த்த வரிசைகள் இல்லை. படம் எந்த ஃபைலில் விழுந்தது என்று வைத்திருந்த மாறியும் காலி. பல ஆப்கள் கிராஷ் ஆவது இந்த இடத்தில்தான்.

"வியூமாடலில்தானே வைத்தேன்?" என்பார்கள். திரைக்கான தகவலை வைத்திருக்கும் பகுதி அது. போனைத் திருப்பினால் வியூமாடல் தாங்கும். ப்ராசஸ் போனால் அதுவும் போகும். திரை அழியும்போது ஓடும் ஆன்டெஸ்ட்ராயில் சேமிப்பதும் வீண், ப்ராசஸைக் கொல்லும்போது அது அழைக்கப்படும் என்ற உறுதியே இல்லை. எழுத்து அடிக்கும் பெட்டியான எடிட்டெக்ஸ்டுக்கு ஐடி கொடுத்திருந்தால் அடித்த எழுத்தை ஆண்ட்ராய்டே மீட்டுத் தரும். ஐடி இல்லையென்றால் தராது.

படத்தின் ஃபைல் முகவரி, திறந்திருக்கும் பில் எண் போன்ற சின்ன விஷயங்களை ப்ராசஸ் போனாலும் மீண்டு வரும் சேவ்டு ஸ்டேட் ஹேண்டிலில் வையுங்கள். படத்தையே அதில் திணிக்காதீர்கள். ஆப்பும் ஆண்ட்ராய்டும் தகவல் பரிமாறும் பைண்டர் வழியாகப் போகும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ப்ராசஸுக்கு 1 எம்பிதான் இடம். மீறினால் ஆண்ட்ராய்டு 7 முதல் ஆப் விழுந்துவிடும். தக்காளி வரிசைகளை 'சேர்' பட்டனைத் தொட்டதுமே போனிலேயே நிரந்தரமாகச் சேமிக்கும் ரூம் டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். அது இன்னொருவரின் ஒரு நாள் வியாபாரம்; கடைசியில் மொத்தமாகச் சேமிக்கலாம் என்று காத்திருப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

சோதிக்க, விவரம் நிரப்பி ஹோம் பட்டனை அழுத்துங்கள். போனை இணைத்த கணினியில் 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' என்று அடித்து பேக்கேஜ் பெயரைச் சேர்த்து ஓடவிடுங்கள். பிறகு ரீசன்ட்ஸ் பட்டியலிலிருந்து ஆப்பைத் திறந்து பாருங்கள். திரையை விட்டு விலகியதும் அதை அழித்துவிடும், டெவலப்பர் ஆப்ஷனில் இருக்கும் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' மட்டும் போதாது, அதில் ப்ராசஸ் உயிரோடு இருப்பதால் ப்ராசஸ் இருக்கும்வரை நிற்கும் ஸ்டாட்டிக் மாறிகளில் உள்ள பிழை தெரியாது. ரீசன்ட்ஸில் ஆப்பைத் தள்ளி மூடியும் சோதிக்காதீர்கள். அப்போது சேமித்த நிலையை ஆண்ட்ராய்டே தூக்கிப் போட்டுவிடும்.