அம்மாவின் கணக்கில் பிள்ளை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இணையத்தில் பிள்ளைகளைப் பெரிதும் காப்பது அரசின் சட்டமா, வீட்டின் கண்காணிப்பா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் வீட்டுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய வழக்கறிஞர் ஐயா சட்டங்களை வரிசையாக அடுக்கினார். நம் மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது என்றார். 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று அமைச்சரவை முடிவெடுத்ததைச் சொன்னார். ஆஸ்திரேலியா அதை 2025 டிசம்பர் 10ஆம் தேதியே செய்துவிட்டது, மீறுகிற நிறுவனத்துக்கு 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் என்றார். எல்லாம் உண்மை. கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் ஐயா, உங்கள் சட்டம் வயதை எப்படிப் பார்க்கும்? அடையாள அட்டையை, அதாவது மைகார்டைக் காட்டு என்று கேட்கும். யாருடைய மைகார்டை? கணக்கு வைத்திருப்பவருடைய மைகார்டை. நம் ஊரில் ஒன்பது வயதுப் பிள்ளை தன் பெயரில் கணக்கு திறந்துகொண்டா டிக்டாக் பார்க்கிறது? போன் அம்மாவுடையது, கணக்கும் அம்மாவுடையது. அம்மா சமைத்து முடிக்கும்வரை, தம்பி அழாமல் இருக்கும்வரை, 'இந்தா, சத்தம் போடாமல் பார்' என்று கையில் கொடுத்தது. 38 வயதுப் பெண் ஒருத்தி ராத்திரி பத்தரை மணிக்குப் பொம்மைக் கார் வீடியோ பார்க்கிறாள் என்று அந்தச் செயலி நினைத்துக்கொண்டிருக்கும். அப்புறம், 38 வயதுக்காரருக்கு என்னென்ன காட்டலாமோ அதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து விடும். மைகார்டு சரி, முகம் சரி, வயது சரி. பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் மூன்றாம் ஆண்டு மாணவன். சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டில் பிள்ளையே இல்லை!

இதை எந்த அமைச்சு கண்டுபிடிக்கும்? தண்ணீர் குடிக்க எழுந்து வருகிற பாட்டிதான் கண்டுபிடிப்பார்.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். தடை தொடங்கியபோது பட்டியலில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப், ஸ்னாப்சாட் எல்லாம் இருந்தன. வாட்சாப் இல்லை. ரோப்லாக்ஸ் இல்லை. டிஸ்கார்ட் இல்லை. ரோப்லாக்ஸ் என்றால் என்னவென்று தெரியாத பெரியவர்கள் உங்கள் பேரனைக் கேளுங்கள், அரை மணி நேரம் சொல்வான். விளையாட்டுக்குள்ளேயே முகம் தெரியாத ஆளோடு பேச முடிகிற இடம் அது. யூடியூபில் கூடக் கணக்கு திறக்கத்தான் தடை. கணக்கில்லாமல் பார்ப்பதற்குத் தடையில்லை. சட்டம் வாசல் கதவைப் பூட்டுவதற்குள் பிள்ளை ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போன பிள்ளையைத் தேடிக்கொண்டு அமைச்சர் வரமாட்டார்.

சரி, போனையே பிடுங்கிவிடலாமா? அதுவும் முடியாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதுவரை பிள்ளை போனைத் தொட்டால் திட்டிக்கொண்டிருந்த நாமே கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தோம். பாடம் கூகுள் கிளாஸ்ரூமில், வீட்டுப்பாடம் வாட்சாப் குழுவில். தொற்று போய்விட்டது, குழு போகவில்லை. பாடமும் போனில்தான், ஆபத்தும் போனில்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் ஐயா 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தையும் நினைவூட்டினார். நல்ல சட்டம். பிள்ளையிடம் நைசாகப் பேசிப் பழகித் தவறான நோக்கத்துக்கு வளைக்கப் பார்த்தாலே குற்றம். 5 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் எப்போது எழுந்து நிற்கும்? யாராவது போலீஸ் புகார் செய்த பிறகு. யார் செய்வார்? மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, நான் அறைக்குள் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள் என்று கவனித்த அம்மா செய்வார். இந்த இடத்தில் பட்டிமன்றத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் ஆத்திரத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணையும் அழைக்கலாம். முதலில், பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாது.

இனி, எதிரணித் தங்கை சொன்னதுக்கு வருகிறேன். அவர் பேச்சு எனக்கு வலித்தது. 'அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். வீட்டில் ஆளே இல்லாதபோது கண்காணிப்பது யார்? வசதியுள்ளவர்கள் பேசுகிற பேச்சு இது' என்றார். பாதி அரங்கம் தலையாட்டியது. உண்மைதானே?

தங்கச்சி, நம் பாட்டிமார் மட்டும் வீட்டிலா இருந்தார்கள்? விடியுமுன் ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனார்கள். பால்மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துவிட்டு வருவதற்குள் உச்சிவெயில். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடந்தது. ஒரு ஆயா, பத்து தொட்டில். கொட்டகை கட்டிக் கொடுத்தது நிர்வாகமாக இருக்கலாம். எந்தப் பிள்ளைக்கு நேற்றிரவு காய்ச்சல் என்று தெரிந்து வைத்திருந்தது அந்த ஆயா. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த கிழவி எல்லா வீட்டுப் பிள்ளையையும் அதட்டினார். அப்போது யாரும் 'என் பிள்ளையைக் கேட்க நீ யார்' என்று சண்டைக்குப் போகவில்லை. (சரி, சில பேர் போனார்கள்.) அந்தப் பழக்கத்தைத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தபோது தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். இரவு ஷிப்ட் போகிற அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் 'ஒன்பதரைக்கு மேல் என் வீட்டில் போன் வெளிச்சம் தெரிந்தால் ஒரு குரல் கொடுங்கள்' என்று சொல்ல என்ன செலவு?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால்தான் தோட்டத்துக்குத் தமிழ்ப்பள்ளி வந்தது என்றும் தங்கை சொன்னார். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது சட்டம். வைத்தார்கள், பல இடங்களில் பேருக்கு ஒரு கொட்டகை. பிள்ளை கூடப் புல் வெட்ட வந்தால் நாலு காசு கிடைக்கும் என்ற நிலையிலும், 'வேண்டாம், நீ பள்ளிக்குப் போ' என்று துரத்தியது யார்? சட்டப் புத்தகமா?

வீடு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு: அம்மாவின் போனைத்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஒரே செயலியைத் திரையில் பூட்டிக் கொடுக்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. பாடத்தைத் திறந்து, கடவெண் கேட்கும்படி பூட்டிக் கொடுத்தால் உங்கள் கடவெண் இல்லாமல் பையன் வெளியே தாண்ட முடியாது. தனிப் போன் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, காசு கேட்காது. எத்தனை மணி நேரம், எந்தச் செயலி என்று உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். ஆனால் பிள்ளை யாரோடு என்ன பேசுகிறது என்று அது உங்களுக்குப் படித்துக் காட்டாது. அதற்கு நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். அடுத்த வீட்டு வைஃபை, நண்பனின் பழைய போன் என்று பிள்ளைகள் வழி கண்டுபிடிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் ராத்திரி எல்லாப் போனும் கூடத்து மேசையில் சார்ஜ் ஆகட்டும் என்கிறேன். எல்லாப் போனும் என்றால் அப்பாவின் போனும்தான். அப்பாமார் சிரிக்காதீர்கள்.

கண்காணிப்பு என்றால் திருட்டுத்தனமாகப் போனைத் துழாவுவது என்று எதிரணி படம் காட்டியது. அது எங்கள் கட்சியே இல்லை. 'வாரம் ஒரு முறை உன் போனை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்' என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பத்து வயதில் வாரம் ஒரு முறை என்றால் பதினாறில் கேட்டுக்கொண்டு பார்க்கலாம். வயதுக்குத் தகுந்தபடி கயிற்றை இளக்கத் தெரிந்தது வீடு மட்டும்தான். சட்டத்துக்கு 15 வயதும் 364 நாளும் ஒன்று, மறுநாள் வேறு.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம் ஐயா.

மண்டபத்தின் கடைசி வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நாலைந்து பிள்ளைகள் தலை நிமிரவே இல்லை. மூஞ்சியில் வெளிச்சம் அடிக்கிறது. யாருடைய போன், யாருடைய கணக்கு என்று நான் கேட்கமாட்டேன். வழக்கறிஞர் ஐயா, நீங்கள் இங்கிருந்தே ஒரு சட்டப் பிரிவைப் படித்துப் பாருங்கள், ஒருவனாவது நிமிர்கிறானா என்று பார்ப்போம். அதோ, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து பின்னால் போகிறார். பையன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான். நன்றி, வணக்கம்.